குரோஷாவில் செடி உறி: மும்பையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்கள்

ஜன்னல் கிரில்லில் நூலால் பின்னிய உறி ஒன்று தொங்கி, அதில் ஒரு மணி பிளாண்ட் வழிந்துகொண்டிருந்தால் போதும், வீட்டுக்கு வருபவர்கள் காபி ஆறும்வரை அதைப் பற்றியே கேட்பார்கள். செம்பூர், சயான், மாட்டுங்கா, டோம்பிவிலி என்று எங்கே இருப்பவர்கள் கேட்டாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன்.

எனக்கு குரோஷா சுத்தமா தெரியாது. நேரா இதுலேர்ந்தே ஆரம்பிக்கலாமா?

தாராளமாக. ஸ்வெட்டர் மாதிரி அளவு பார்த்து உடம்புக்குப் பொருத்த வேண்டிய வேலை இல்லை இது. சங்கிலி, ஸ்லிப், சிங்கிள், டபுள் என்ற நாலு கண்ணிகள் வந்தால் முழு உறியும் முடிந்துவிடும். வலைப் பின்னலில் ஒரு கண்ணி முன்னே பின்னே போனாலும் தொட்டியை வைத்த பிறகு யாருக்கும் தெரியாது.

ஒரே ஒரு நிபந்தனை. முதலில் சங்கிலியை மட்டும் ஒரு முழம் போட்டுப் பழகுங்கள். எல்லாக் கண்ணியும் ஒரே அளவில் விழும்வரை பிரித்துப் பிரித்துப் போடுங்கள். கை நிதானப்படாமல் அடித்தட்டை ஆரம்பித்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

மாக்ரமேன்னு சொல்றாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை. மாக்ரமே வெறும் கையால் போடும் முடிச்சு, ஊசியே கிடையாது. குரோஷாவில் கொக்கி ஊசியால் ஒரு கண்ணிக்குள்ளிருந்து அடுத்த கண்ணியை இழுக்கிறோம். மாக்ரமே உறி கனத்தில் அவ்வளவாக நீளாது, குரோஷா நீளும். இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், கீழே பாதிக் கேள்விகள் இதிலிருந்துதான் வருகின்றன.

என்ன நூல் வாங்கணும்? வீட்ல ஸ்வெட்டர் போட்ட உல்லன் நிறைய மிச்சம் இருக்கு, அதுலயே போட்டா ஆகாதா?

நம் ஊர்க் கடைகளில் உல்லன் என்று கிடைப்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். அது மக்காது, வெயிலையும் நன்றாகத் தாங்கும். ஆனால் மெத்தென்று இருப்பதால் ஈர மண்ணின் கனத்தில் இழுபட்டுக்கொண்டே போகும். நாலு அங்குலத் தொட்டிக்குப் போடலாம். அதற்கு மேல் வேண்டாம்.

முதல் உறிக்கு என் வாக்கு பருத்திக்குத்தான். நிட்டிங் காட்டன் என்று கேட்டால் கொடுப்பார்கள். அதை இரண்டு இழையாகச் சேர்த்துப் போடுங்கள். பருத்தி நனைந்தால் வலு குறையாது, சொல்லப்போனால் கொஞ்சம் கூடும். அதன் எதிரி பூஞ்சை, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். பட்டு மாதிரிப் பளபளக்கும் ரேயான் நூலைத் தொடாதீர்கள். அது நனைந்தால் வலுவை வெகுவாக இழந்துவிடும், தண்ணீர் ஊற்றுகிற இடத்துக்கு உதவாது. சணல் பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் ஈரத்தில் மக்கும், பிசிறு உதிரும், பின்னும்போது விரலையும் அறுக்கும். கடையில் நைலான் கயிறு என்று பொதுப்பெயரில் விற்பதில் பாலியஸ்டர் பின்னல் கயிறு கிடைத்தால் வெளிப்புற உறிக்கு அதுவே நல்லது. அது தண்ணீர் குடிக்காது, நீள்வதும் குறைவு. ஊசியில் வழுக்கும் என்பதால் இரண்டாவது உறிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய டீ-ஷர்ட்டை ரிப்பனாக வெட்டியும் போடலாம். அழகாக வரும். ஆனால் பனியன் துணி இழுத்த இழுப்புக்கு வரும் என்பதால் காலித் தொட்டிக்கும், மண்ணே இல்லாமல் வளரும் காற்றுச் செடிக்கும்தான் சரி.

ஊசி எந்த நம்பர்?

நம்பரை விடுங்கள், மி.மீ. பாருங்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு நம்பர் போடும், மி.மீ. மாறாது. இரண்டு இழைப் பருத்திக்கு 4.5 மி.மீ. ஊசி போதும். இறுக்கிப் பின்னுபவர்கள் 5 எடுக்கலாம். இந்த நூல்களுக்கு அலுமினிய ஊசியே வழுக்கிக்கொண்டு ஓடும். மூங்கில் ஊசி விலையும் அதிகம், இதற்குத் தேவையும் இல்லை.

மும்பைல எங்க கிடைக்கும்? ஆன்லைன்லதான் வாங்கணுமா?

மஸ்ஜித் பந்தரில் இறங்கி அப்துல் ரஹ்மான் தெருப் பக்கம் நடந்தால் கைவேலைச் சாமான் கடைகள் இருக்கின்றன. புலேஷ்வரில் லேஸ், ரிப்பன் கடைகளிலும் கேட்கலாம். க்ரோஷே ஹுக் என்றாலே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். முதல் முறை நேரில் போவதுதான் நல்லது, நூலை இழுத்துப் பார்த்து வாங்கலாம். 100 கிராம் அளவில் ஒரு உறி முடிந்துவிடும், ஆனால் கொஞ்சம் அதிகமாகவே வாங்குங்கள். நூல்கண்டைச் சுற்றிய பட்டியில் இருக்கும் லாட் நம்பர் (எந்தத் தடவை சாயம் போட்டது என்ற எண்) எல்லாக் கண்டிலும் ஒரே எண்ணாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு போய் அதே நிறம் கேட்டால் ஒரு சாயல் மாறித்தான் கிடைக்கும்.

யூடியூப்ல ஒருத்தங்க டபுள்னு சொல்றதை இன்னொருத்தங்க ட்ரெபிள்னு சொல்றாங்க. யார் சொல்றது சரி?

இரண்டு பேரும் சரிதான். அமெரிக்க முறைக்கும் பிரிட்டிஷ் முறைக்கும் பெயர்கள் ஒரு படி தள்ளி இருக்கும். அமெரிக்கர்களின் சிங்கிள்தான் பிரிட்டிஷாரின் டபுள், அமெரிக்கர்களின் டபுள் அங்கே ட்ரெபிள். வீடியோவில் சிங்கிள் என்ற பேச்சே வந்தால் அது அமெரிக்க முறை, ஏனென்றால் பிரிட்டிஷ் முறையில் சிங்கிள் என்ற கண்ணியை யாரும் சொல்வதில்லை. இந்தப் பக்கம் முழுக்க அமெரிக்க முறைதான். ஊசியில் நூலைச் சுற்றாமல் நேரே நுழைத்துப் போடுவது சிங்கிள், ஒரு முறை சுற்றிக்கொண்டு நுழைத்துப் போடுவது டபுள்.

சரி அக்கா, போடற முறையைச் சொல்லுங்க.

ஆறு அங்குல பிளாஸ்டிக் தொட்டிக்கான கணக்கு இது. முதலில் அடித்தட்டு. மேஜிக் ரிங்குக்குள் (நூலாலேயே போட்டு, நுனியை இழுத்து இறுக்கும் வளையம்) 12 டபுள் போட்டு, ஸ்லிப்பால் (இழுத்த நூலை ஊசியில் இருக்கும் கண்ணி வழியாகவும் அப்படியே இழுத்துவிடுவது) சுற்றை மூடுங்கள். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் 3 சங்கிலி ஏற வேண்டும், அதுவே முதல் டபுளாகக் கணக்கு. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு டபுள், மொத்தம் 24. மூன்றாவதில் ஒன்றில் ஒன்று, அடுத்ததில் இரண்டு என்று மாற்றி மாற்றிப் போட்டால் 36. நாலாவதில் ஒன்று, ஒன்று, இரண்டு என்று போனால் 48. தட்டு சுமார் 10 செ.மீ. அகலம் வரும். தொட்டியின் அடியைவிட அது ஒரு சுற்று சின்னதாகத் தெரிந்தால் நல்லது. நிறுத்திவிடுங்கள்.

அடுத்து வலை. 6 சங்கிலி போட்டு, மூன்று கண்ணி தாண்டி நாலாவதில் ஒரு சிங்கிள். இப்படியே சுற்றி வந்தால் 12 வளைவுகள் கிடைக்கும். முதல் வளைவின் நடுப்பகுதிவரை ஸ்லிப் போட்டு ஏறி, மறுபடி 6 சங்கிலி, அடுத்த வளைவின் நடுவில் ஒரு சிங்கிள். நாலு சுற்று இப்படிப் போட்டதும் தொட்டியைக் கவிழ்த்து அதன்மேல் தொப்பி மாதிரி மாட்டிப் பாருங்கள். வலையின் ஓரம் தொட்டி விளிம்புக்கு மூன்று விரல் கீழே நிற்க வேண்டும். எட்டவில்லை என்றால் இன்னொரு சுற்று.

பிறகு பட்டை. ஒவ்வொரு வளைவுக்குள்ளும் 5 சிங்கிள், ஆக 60. அதன் மேல் கண்ணிக்கு ஒன்றாக இன்னும் ஒரு சுற்று. இந்தப் பட்டைதான் தொட்டியைக் கவ்விப் பிடிப்பது, அதனால் கொஞ்சம் இறுக்கமாகவே போடுங்கள். கடைசியாக, உறியைத் தொங்கவிடும் கைகள். மூன்று கை என்றால் 20 கண்ணிக்கு ஒன்று, நாலு என்றால் 15 கண்ணிக்கு ஒன்று. பட்டையில் நூலைச் சேர்த்து சுமார் 55 செ.மீ. நீளத்துக்குச் சங்கிலி போட்டு, எல்லாக் கைகளையும் உச்சியில் சேர்க்கும் வளையத்தைச் சுற்றியே 4 சிங்கிள் போட்டு, சங்கிலியின்மேல் சிங்கிளாகவே பின்னிக்கொண்டு கீழே இறங்கி, பட்டையில் பக்கத்துக் கண்ணியில் முடியுங்கள். நுனி நூலை ஒரு விரல் நீளமாவது விட்டு வெட்டி, மழுங்கிய ஊசியால் கண்ணிகளுக்குள் முன்னும் பின்னும் ஓட்டி மறைத்துவிடுங்கள். முடிச்சை மட்டும் நம்பி ஒட்ட வெட்டினால் ஆடி ஆடி அவிழும்.

என் அடித்தட்டு கிண்ணம் மாதிரி மேல மடங்குது. தங்கச்சி போட்டது ஓரமெல்லாம் அலை அலையா நெளியுது. ஏன்?

மடங்கினால் கண்ணி குறைவு, நெளிந்தால் கண்ணி அதிகம். ஒவ்வொரு சுற்றிலும் சரியாக 12 கூட வேண்டும், எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் மடங்கினால் கை இறுக்கம், ஊசியை அரை மி.மீ. பெரிதாக்குங்கள். உங்கள் தட்டு லேசாகத்தான் மடங்குகிறது என்றால் பிரிக்கவே வேண்டாம், தொட்டி உட்கார்ந்தால் தட்டையாகிவிடும். தங்கையின் நெளிகிற தட்டைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். அதில் தொட்டி ஒரு பக்கமாகச் சாயும்.

ஆசையா போட்டு மாட்டினேன். மறுநாள் பாத்தா ஒரு சாண் இறங்கி சோபா தலையில இடிக்குது!

அதிகம் வரும் புகார் இதுதான். பின்னலில் தவறே இல்லாவிட்டாலும் இது நடக்கும். குரோஷா முழுக்க வளைவுகளால் ஆனது. கனம் ஏறியதும் ஒவ்வொரு வளைவும் நிமிர்ந்து நீள்கிறது. வலையும் வெறும் சங்கிலியும்தான் அதிகம் நீளும், டபுள் அதற்கு அடுத்து, சிங்கிள் எல்லாவற்றிலும் குறைவு. கைகளுக்குச் சங்கிலியோடு நிறுத்தாமல் மேலே சிங்கிள் போட்டு இறங்கச் சொன்னது இதற்காகத்தான். அடித்தட்டு சின்னதாக இருக்கட்டும் என்றதும் இதே காரணத்தால்தான். தொட்டிக்குச் சரியாகப் பின்னினால் மாட்டிய பிறகு அது தொளதொளவென்று ஆகிவிடும். சின்னதாகப் பின்னினால் நீண்டு, சரியாக வந்து உட்காரும்.

எனவே நூல் நுனிகளை மறைப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பினால் அது இரண்டு கிலோ. அதை உறிக்குள் வைத்து, உறியை நன்றாக நனைத்து, பாத்ரூம் கொக்கியில் ஓர் இரவு தொங்கவிடுங்கள். காலையில் என்ன நீளம் இருக்கிறதோ அதுதான் உறியின் உண்மையான நீளம். அதிகமாக இருந்தால் கைகளைப் பட்டையில் முடித்த நுனியிலிருந்து பிரித்து, சங்கிலியைக் குறைத்து மறுபடி வளையத்தில் சேருங்கள்.

இதையும் தாண்டி உறுதி வேண்டும் என்பவர்கள் தாங்குகயிறு போடலாம். ஆறு அங்குலத் தொட்டிக்கு நான் சிபாரிசோடு நிறுத்தமாட்டேன், போட்டே ஆக வேண்டும் என்பேன். 4 மி.மீ. பாலியஸ்டர் பின்னல் கயிறு இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் 2 மீட்டர். இரண்டையும் அடித்தட்டுக்குக் கீழே கூட்டல் குறி மாதிரி குறுக்கே போட்டு, வலையின் கண்களுக்குள் நுழைத்து நுழைத்து மேலேற்றி, நாலு கைகளோடு ஒட்டிக் கொண்டுபோய் வளையத்தில் கட்டுங்கள். கயிறு கையைவிட ஒரு விரலகலம் குட்டையாக இருக்க வேண்டும். அப்போதுதான் கனம் முழுவதும் கயிற்றில் இறங்கும், பின்னலுக்குத் தொட்டியை நழுவாமல் பிடித்துக்கொள்ளும் வேலை மட்டும் மிஞ்சும். பின்னல் நிறத்திலேயே கயிறு வாங்கினால் வெளியே தெரியாது. பாட்டி வீட்டில் வெண்ணெய்ச் சட்டியைத் தாங்கிய உறியும் கீழிருந்து ஏந்திய கயிற்றில்தானே நின்றது.

கை மூணா, நாலா? எனக்கு ஒரு பக்கம் சாஞ்சே நிக்குது.

மூன்று கையில் மூன்றுமே கனத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். ஒன்று கொஞ்சம் நீளமானால் தொட்டி லேசாகச் சாயும், அவ்வளவுதான். நாலு கையில் ஒன்று நீண்டுவிட்டால் அது வெறுமனே துவண்டு தொங்கும், மீதி மூன்றும் சுமக்கும். பார்க்க நாலு கை அழகு, முன்கேள்வியில் சொன்ன தாங்குகயிற்றுக்கும் நாலுதான் தேவை. சின்னத் தொட்டிக்கு மூன்று போதும்.

சாய்வுக்குக் காரணம் பெரும்பாலும் கைகளின் சங்கிலி எண்ணிக்கை மாறிப்போவதுதான். செ.மீ. கணக்கை ஒரே ஒரு கைக்கு மட்டும் பாருங்கள். மற்றக் கைகளுக்கு அதே சங்கிலி எண்ணிக்கையை எண்ணிப் போடுங்கள்.

வளையத்துக்கு என்ன போடறது? பழைய வளையல் ஆகுமா?

பிளாஸ்டிக் வளையல் வெயிலில் நொறுங்கும், கண்ணாடி வளையலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கெட்டியான பித்தளை வளையல் இருந்தால் ஆகும், இணைப்பு முழுக்கப் பற்றவைத்திருக்க வேண்டும். சாவி வளையம் வேண்டாம், அதன் வாய் கனத்தில் விரியும். சும்மா இரும்பு வளையம் கடற்காற்றில் துருப்பிடித்து நூலைக் கறையாக்கி அரித்தும்விடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வளையமோ திரைச்சீலைக்கான கெட்டி மரவளையமோ வாங்கிவிடுங்கள்.

எவ்ளோ கனம் தாங்கும்?

தொட்டியை எடை போடாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. நிறையத் தண்ணீர் ஊற்றிய உடனே, சமையலறைத் தராசிலோ பெட்டி நிறுக்கும் தூக்குத் தராசிலோ வைத்துப் பாருங்கள். நாலு அங்குல பிளாஸ்டிக் தொட்டி ஒரு கிலோவுக்குள் இருக்கும். செம்மண் நிரப்பிய ஆறு அங்குலத் தொட்டி இரண்டரை கிலோவைத் தொடும், மண்தொட்டி என்றால் அதற்கும் மேல். எட்டு அங்குலம் என்றால் அதன் இரண்டு மடங்கு. எட்டு அங்குலத்தைக் குரோஷாவில் தொங்கவிடக் கூடாது என்பது என் தீர்மானம். தாங்குகயிறு போட்டாலும் சரிதான், கொக்கியும் அது மாட்டியிருக்கும் இடமும் தாங்க வேண்டுமே.

கனத்தைக் குறைக்க நல்ல வழி, மண்ணில் பாதியைத் தேங்காய்நார்த் தூளாக மாற்றுவது. தொங்கும் தொட்டி காற்றில் சீக்கிரம் காயும். நார்த்தூள் ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால் அதற்கும் உதவும்.

வாடகை வீடு, 11 மாச அக்ரிமென்ட். சீலிங்ல ஓட்டை போட்டா டெபாசிட்டைப் பிடிச்சுக்குவாரு. எங்க மாட்டறது?

ஓட்டையே வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே துருத்தியிருக்கும் பெட்டி கிரில்லின் மேல்கம்பி இருக்கிறதே, அதைவிட நல்ல இடம் இல்லை. வெயில், காற்று, கனம் தாங்கும் கம்பி எல்லாம் ஒரே இடத்தில். முதலில் கம்பியைக் கையால் ஆட்டிப் பாருங்கள், துருப்பிடித்து இற்றிருந்தால் விட்டுவிடுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எஸ் கொக்கி மாட்டி, அதன் இரண்டு வாயையும் கட்டிங் பிளேயரால் நெருக்கி மூடிவிடுங்கள். திறந்த கொக்கி காற்றில் உறி எகிறும்போது கழன்றுவிடும்.

துணி உலர்த்த கூரையில் கப்பி போட்டு இறக்கி ஏற்றும் கம்பிகள் இங்கே பல வீடுகளில் உண்டு. அதில் மாட்டலாமா என்று கேட்கிறார்கள். காலித் தொட்டி என்றால் மாட்டுங்கள். ஈரத் துணியோடு சேர்த்துச் செடியையும் அது சுமக்கட்டும் என்று விடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. திரைச்சீலைக் கம்பியும் அப்படித்தான்.

கிரில்லுக்கு வெளிப்பக்கமா தொங்கவிட்டா ரோட்லேர்ந்து பாக்க நல்லாருக்குமே?

கூடவே கூடாது. ஏழாவது மாடியிலிருந்து இரண்டரை கிலோ விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். எப்போதும் கிரில்லுக்கு உள்ளேயே, கீழே தட்டுத் தளமோ கம்பியோ இருக்கும் இடத்தில் மட்டும்.

தண்ணி ஊத்தினா கீழ் வீட்டு ஆன்ட்டியோட காயற துணிமேல சொட்டுது. தினம் சண்டை.

சண்டையில் நியாயம் ஆன்ட்டி பக்கம்தான். உறிக்குள் ஓட்டையில்லாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வைத்து, அதற்குள் செடி இருக்கும் ஓட்டைத் தொட்டியை இறக்குங்கள். தண்ணீர் ஊற்றும் நாளில் உள்தொட்டியை மட்டும் எடுத்துப் போய் பாத்ரூமில் ஊற்றி, அரை மணி நேரம் வடியவிட்டுத் திரும்ப வையுங்கள். உறியும் நனையாது, பருத்தியின் ஆயுளும் கூடும். இதற்காகவே வலையை விளிம்புக்கு மூன்று விரல் கீழே நிறுத்தினோம், தொட்டியை எடுத்து வைக்கச் சுலபம்.

ஒரு எச்சரிக்கை உண்டு. வெளிடப்பாவில் தண்ணீர் தேங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் போதும். வாரம் ஒரு முறை டப்பாவைக் கொட்டி, உள்சுவரைத் துணியால் தேய்த்துத் துடையுங்கள், முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். மழைக்காலத்தில் மாநகராட்சி ஆட்கள் வீடுவீடாக வந்து பார்க்கும்போது முதலில் எட்டிப் பார்ப்பது தொட்டித் தட்டுகளைத்தான்.

மழைக்காலத்துல உறியெல்லாம் கரும்புள்ளி வந்து நாறுது. என்ன பண்றது?

மும்பையில் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 11. ஜூலையில் மட்டும் 800 மி.மீ.க்கு மேல் கொட்டும் ஊரில் பருத்தி உறியைக் கிரில்லில் விட்டுவைத்தால் பூஞ்சை அதைத் தின்னத்தான் செய்யும். மே கடைசியில் கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, மொட்டை வெயிலில் நன்றாகக் காயவைத்து எடுத்து வையுங்கள். பிழிந்தால் கைகள் முறுக்கிக்கொண்டு நீளம் மாறும். செப்டம்பர் கடைசியில் மறுபடி மாட்டலாம். இடையில் செடிகள் தரையில் இருக்கட்டும்.

புள்ளி வந்துவிட்டால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்துத் துவையுங்கள். வாடை போகும், கறை முழுதாகப் போகாது. அந்த இடத்தை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள். நூல் பஞ்சாக உதிர்ந்தால் அந்த உறியின் ஆயுள் முடிந்தது. வருடம் முழுக்க வெளியிலேயே தொங்க வேண்டும் என்றால் நூல் கேள்வியில் சொன்ன பாலியஸ்டர் கயிற்றுக்கு மாறிவிடுங்கள்.

என்ன செடி வைக்கலாம்? துளசி வைக்கலாமா?

கீழே வழிகிற செடிதான் உறிக்கு அழகு. நேர்வெயில் இல்லாத ஜன்னலில் மணி பிளாண்ட், ஸ்பைடர் பிளாண்ட், பெரணி. மும்பைக் காற்றின் ஈரப்பதம் பெரணிக்குக் கொண்டாட்டம். மாலை வெயில் அடிக்கும் மேற்கு ஜன்னலில் ஓமவல்லி கொத்தாகத் தொங்கும், குழந்தைக்குச் சளி என்றால் கையெட்டும் தூரத்தில் இலையும் கிடைக்கும். மணி பிளாண்ட் இலையை மென்றால் வாய் எரியும், அதனால் அதைக் குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

துளசி நேராக வளரும், நிறைய வெயில் கேட்கும். மாமியார் சம்மதிப்பாரா என்பது தனிக் கேள்வி. மாடத்திலேயே இருக்கட்டும்.

லோக்கல் ட்ரெயின்ல உக்காந்து போடலாமா? ஒரு மணி நேரம் சும்மாதான் போகுது.

உட்கார இடம் கிடைத்தால் போடலாம். கைகளுக்கான சங்கிலியும் சிங்கிளும் ரயில் வேலைக்கு ஏற்றவை, பாதியில் நிறுத்தி எழுந்தாலும் குழப்பம் இல்லை. ரயிலுக்காகவே கைகளைத் தனித்தனியாகப் போட்டு வைத்து, வீட்டுக்கு வந்து பட்டையோடு சேர்த்துத் தைத்துக்கொள்ளலாம். அடித்தட்டை வீட்டில் போடுங்கள், எண்ணிக்கொண்டிருக்கும்போது குர்லா வந்துவிட்டால் எண்ணிக்கை போச்சு. நிற்கும் கூட்டத்தில் ஊசியை வெளியே எடுக்காதீர்கள். எழும்போது ஓடுகிற கண்ணியில் ஒரு சேஃப்டி பின் மாட்டிவிடுங்கள், பைக்குள் பிரியாது.

பக்கத்து வீட்ல ஆர்டர் கேக்கறாங்க. ஆனா விலையைச் சொன்னா, மெஷின்ல போட்டது கம்மியா கிடைக்குதேன்னு சொல்றாங்க.

மெஷினில் போட்ட குரோஷா என்று ஒன்று கிடையாது. ஸ்வெட்டர் பின்னலுக்கு மெஷின் உண்டு, உண்மையான குரோஷாவை இன்றும் கையால்தான் போட வேண்டும். ஆந்திராவின் நரசாபுரம் பக்கம் 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாகப் பரவிய குரோஷா லேஸ் வேலை இன்றும் பெண்கள் கையில்தான் நடக்கிறது. மலிவாகக் கிடைக்கும் உறி மெஷினில் போட்டது என்றால் அது குரோஷாவே இல்லை. குரோஷாவாக இருந்தால், யாரோ ஒரு பெண்ணின் கைக்கூலியில்தான் குறைத்திருக்கிறார்கள்.

விலைக்கு என் கணக்கு இது. நூல், வளையம், கயிறு, கொக்கி ஆகியவற்றின் காசை எழுதுங்கள். உங்கள் வேகத்தில் எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பார்த்து, ஒரு மணிக்கு உங்களுக்குக் கட்டுப்படியாகும் தொகையைப் போட்டுப் பெருக்கிச் சேருங்கள். வருகிற தொகை பெரிதாகத் தெரிந்தால் டிசைனை எளிதாக்குங்கள், மணிக்கூலியைக் குறைக்காதீர்கள். சொந்தக்காரருக்குச் சும்மா கொடுப்பது வேறு கணக்கு. விற்கும்போது எந்த அளவுத் தொட்டி, எத்தனை கிலோ என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கட்டிக் கொடுங்கள். வாங்கியவர் எட்டு அங்குல மண்தொட்டியை ஏற்றிவிட்டு உங்களைத் திட்டுவதை அது தவிர்க்கும்.

வலையில ஒரு எடத்துல நூல் அறுந்துடுச்சு. முழுசும் பிரிஞ்சு தொட்டி விழுந்துடுமா?

குரோஷா கடைசிக் கண்ணியிலிருந்துதான் சரசரவென்று பிரியும். நடுவில் ஒரு நூல் அறுந்தால் அந்த இடத்தில் ஓட்டை விழும், ஸ்வெட்டர் பின்னல் மாதிரி கோடு போட்டு ஓடாது. ஆனாலும் தொட்டியை உடனே இறக்கிவிடுங்கள், ஏனென்றால் ஆட ஆடப் பக்கத்துக் கண்ணிகளும் நெகிழும். அறுந்த இரண்டு நுனியிலும் புது நூலைச் சேர்த்துக் கட்டி, அந்த வளைவை மறுபடி சங்கிலியாகப் போட்டு, நுனிகளை நீளமாக உள்ளே ஓட்டிவிட்டால் வலை சரியாகிவிடும்.

எந்த இடத்தில் அறுந்தது என்பதுதான் முக்கியம். வலையில் என்றால் ஒட்டுப்போடலாம். பட்டையிலோ கையிலோ என்றால் அந்தப் பகுதியை முழுக்கப் பிரித்துப் புதிதாகப் போடுங்கள். அடித்தட்டில் அறுந்திருந்து தாங்குகயிறும் இல்லை என்றால் அந்த உறியில் இனித் தொட்டி வைக்க வேண்டாம். வெங்காயம், பூண்டு போட்டுச் சமையலறையில் மாட்டிக்கொள்ளுங்கள், வளையத்தையும் எஸ் கொக்கியையும் கழற்றி அடுத்த உறிக்கு எடுத்து வையுங்கள்.